கேப்டன் தூங்கட்டும்

பெரியப்பா தவறியது 2025 டிசம்பர் 4, வியாழக்கிழமை, கோழி கூப்பிடும் நேரம். எடுத்தது 6-ஆம் தேதி சனிக்கிழமை, பொழுது சாயும்போது. இடையில் இரண்டரை நாள் அவர் எருத்தேம்பதி வீட்டு ஆசாரத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். எங்கள் பக்கம் அப்படிப் போட்டு வைக்கிற வழக்கம் இல்லை. காலையில் போனால் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவோம். ஆனால் மூத்தவன் வந்துதான் கொள்ளி வைக்கணும் என்று பெரியம்மா ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டார். மூத்தவன், என் அண்ணன், அகமதாபாத்தில் இருந்தான். நாடு முழுக்க விமானங்கள் வரிசையாக ரத்தாகிக்கொண்டிருந்த வாரம் அது.

நான் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு சார்ட்டர் ஏஜென்சியில் ஆப்ஸ் வேலை பார்க்கிறேன். தனி விமானம் வேண்டும் என்று கேட்கிறவருக்கும், விமானம் வைத்திருக்கும் ஆப்பரேட்டருக்கும் நடுவே போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஆள். வீடு கொழிஞ்சாம்பாறை. தினமும் கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி வந்து போகிறேன். ஊரில் என் வேலையைப் பற்றி யாரும் அதிகம் விசாரித்ததில்லை. "பிளேன் ஆபீசு" என்பார்கள், அதோடு சரி. அந்த வியாழக்கிழமை முதல் எல்லோருக்கும் அது தெரிய வேண்டியதாகிவிட்டது.

விமானங்கள் ஏன் அப்படி ரத்தாயின என்று கேட்டால் மழை, பனி என்று சொல்கிறவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மழையும் இல்லை, பனியும் இல்லை. விமானிகளின் தூக்கம்தான் விஷயம். வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த கட்டாய ஓய்வை 48 ஆக்கினார்கள். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இரவு நேரம் என்று வைத்து, அந்த நேரத்தில் ஒரு விமானி 6 முறை இறங்கலாம் என்றிருந்ததை 2 முறையாகக் குறைத்தார்கள். முதல் பகுதி 2025 ஜூலை 1-லும், இரண்டாம் பகுதி நவம்பர் 1-லும் அமலுக்கு வந்தது. நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்துக்கு அதற்கேற்ற ஆள் கையில் இல்லை. டிசம்பர் 2, 3 தேதிகளில் தொடங்கிய ரத்து, 5-ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்தைத் தாண்டியது.

அண்ணனுக்கு வியாழக்கிழமை சாயங்காலம் மும்பை வழியாக டிக்கெட் இருந்தது. போய்விட்டது. ராத்திரி வேறொன்று போட்டோம், அதுவும் போய்விட்டது. "ரயில்ல ஏறிடட்டுமா பாப்பா?" என்று பத்து மணிக்குக் கேட்டான். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். "காலைல பெங்களூர் விமானம் போயிரும்ண்ணா, இரு" என்றேன். அது என் தப்பு. ரயில்வே அந்த நாட்களில் கூடுதல் பெட்டிகள் சேர்த்து ஓட்டியது. அன்றே ஏற்றிவிட்டிருந்தால் சனிக்கிழமை காலையே வந்திருப்பான். இதை நினைக்காத நாளில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சித்தப்பா கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, நீ பிளேன் ஆபீசுலதான இருக்கற? ஒரு சின்னதாப் புடிச்சு உங்கண்ணனக் கொண்டாந்து எறக்க முடியாதா?"

"முடியும் சித்தப்பா. காசுதான்."

"எவ்வளவு ஆவும்? சொல்லு. தோப்ப வெச்சாவது தர்றேன்."

அவருக்காக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆறு பேர் உட்காருகிற சின்ன ஜெட்டுக்கு, சாதாரண நாளில் எங்கள் மேஜையில் மணிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம். அகமதாபாத்திலிருந்து கோவைக்கு இரண்டேகால் மணி நேரம். நாலரை, ஐந்து லட்சத்தில் முடிந்துவிடும் என்றுதான் கேட்கிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் விமானம் அகமதாபாத்தில் நமக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லை. அது பெங்களூரில் இருக்கிறது. அங்கிருந்து ஆளில்லாமல் அகமதாபாத் போக இரண்டு மணி. அண்ணனை இறக்கிவிட்டு மறுபடி பெங்களூர் திரும்ப முக்கால் மணி. ஐந்து மணி நேரம், பத்து லட்சம். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இறங்கு கூலி, நிறுத்தக் கூலி தனி. ஒரு ஆளை இறக்க பன்னிரண்டு லட்சத்துக்கு மேல். அதுவும் அன்றைக்கு அந்த விலைக்கும் கிடையாது, கேட்ட ஆப்பரேட்டர்களில் பாதிப் பேர் போனையே எடுக்கவில்லை. விலைக்கு உச்சவரம்பு வந்தது மறுநாள் 6-ஆம் தேதி. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேல் போனால் 18,000 என்று அரசு கட்டியது சாதாரண டிக்கெட்டுக்கு. சார்ட்டருக்கு அப்படி ஒரு கயிறும் இல்லை.

"தோப்ப வெக்காதீங்க சித்தப்பா. பெரியப்பாவே உசுரோட இருந்தா வேண்டாம்னுதான் சொல்லுவாரு" என்றேன். மூன்று ஏக்கர் தென்னை அது. கள்ளு இறக்கக் கொடுத்துத்தான் அண்ணனைப் படிக்க வைத்தார்கள்.

ஒன்பது மணிக்குச் சித்தப்பாவே ஒரு வாட்ஸ்அப் படத்தை எனக்கு அனுப்பினார். யாரோ தெரிந்தவருக்குத் தெரிந்தவர் மூலமாக வந்தது. வெள்ளை நிறச் சின்ன விமானம், ஆறு லட்சம், எல்லாம் சேர்த்து. மூன்று லட்சம் முன்பணம் போட்டால் மத்தியானம் அகமதாபாத்தில் நிற்கும். சித்தப்பா முகத்தைப் பார்க்காமலே அவர் எவ்வளவு நிம்மதியாகிவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். இந்தியப் பதிவு விமானத்தின் பின்பக்கத்தில் விடி என்று தொடங்கி மூன்று எழுத்து இருக்கும். எங்கள் பேச்சில் டெயில் நம்பர். அந்த மூன்று எழுத்தையும் படித்து, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ அனுமதி கொடுத்திருக்கும் ஆப்பரேட்டர்களின் விமானங்களோடு வைத்துப் பார்த்தேன். இல்லை. ஒரு கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் தனியார் பதிவு விமானம் அது. அதில் முதலாளி போகலாம், முதலாளி வீட்டு விருந்தாளி போகலாம். காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஓட்ட வேண்டுமானால் அட்டவணை இல்லாத ஆப்பரேட்டர் அனுமதி வேண்டும், அந்த அனுமதியில் அந்த விமானத்தின் எழுத்து இருக்க வேண்டும். இல்லாமல் ஏறினால், ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். வெள்ளை போர்டு காரில் டாக்சி ஓட்டுவது போலத்தான், உயரம்தான் முப்பதாயிரம் அடி.

"பணம் போட்டுடாதீங்க" என்று சொன்னேன். அவர் பதில் பேசாமல் வைத்துவிட்டார். நான் திரும்பக் கூப்பிட்டு, போடவில்லை என்று அவர் வாயால் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

இப்படிப்பட்ட வாரங்களில்தான் இந்தப் படங்கள் சுற்றும். 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் கொச்சி விமான நிலையத்துக்குள் புகுந்து 15-லிருந்து 29 வரை மூடிக் கிடந்தபோதும் பார்த்திருக்கிறேன். அப்போது நான் வேலைக்குப் புதுசு. எங்கள் கோவை, திருவனந்தபுரம், கோழிக்கோடு எல்லாம் நிரம்பி வழிந்தது. 20-ஆம் தேதி கொச்சியிலேயே இருக்கும் கடற்படையின் ஐஎன்எஸ் கருடா தளத்தைச் சின்ன விமானங்களுக்குத் திறந்துவிட்டார்கள். சார்ட்டர் என்றால் வானத்தில் நமக்கென்று தனி ரோடு என்று நினைத்துக் கூப்பிட்டவர்களிடம் அப்போதும் இதையேதான் சொன்னேன். ரன்வே அதேதான். டவரில் பேசுகிறவரும் அவரேதான். நிறுத்துகிற இடம் அதே சிமெண்டுத் தரை, பெரிய விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றுவிட்டால் சின்னதுக்கும் இடமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு வழி தெரிந்தது. திருப்பூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு அகமதாபாத் போக முன்னாடியே பதிவு செய்திருந்தார், மகள் நிச்சயதார்த்தத்துக்கு. கோவையில் ஏற்றி அங்கே இறக்கிவிட்டு, விமானம் காலியாகப் பெங்களூர் திரும்பும். எங்கள் தொழிலில் இதை எம்ப்டி லெக் என்போம். ஆறு இருக்கையும் காலி, எரிபொருள் செலவாகத்தான் போகிறது. ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு, எங்கள் அண்ணன், இன்ன விஷயம் என்றேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காசெல்லாம் வேண்டாம்மா. ஆதார் அனுப்பச் சொல்லு, பயணிகள் பட்டியல்ல பேரைச் சேர்த்துடறேன்" என்றார்.

சித்தப்பாவுக்குச் சொன்னேன். சாயங்காலம் கிளம்பினால் ராத்திரி பெங்களூர், அங்கிருந்து காரில் விடியற்காலைக்குள் வீடு. வீட்டில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்து மெம்பரிடம் சொல்லி, கொட்டுக்காரர்களுக்குச் சொல்லி, எல்லாம் ஆயிற்று.

பெங்களூரிலிருந்து அந்த விமானம் வந்ததே தாமதம். கோவையில் ஏறி உட்கார்ந்த பிறகு அகமதாபாத்தில் நிறுத்த இடம் இல்லை, காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். திருப்பூர்க்காரரின் பேரக்குழந்தை அழ ஆரம்பித்தது. ஒரு மணி, இரண்டு மணி, மூன்றேகால் மணி. கடைசியில் இறங்க நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள், கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கும்போது ராத்திரி எட்டு ஐம்பது. அண்ணன் அங்கே தனி விமானங்களுக்கான வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தான்.

ஒன்பதரைக்குக் கேப்டன் எனக்கு நேராகப் போன் பண்ணினார். வழக்கமாக அவர் ஆப்பரேட்டரிடம்தான் பேசுவார்.

"உங்க பிரதர்னு சொன்னாங்க. நான் காலைல அஞ்சு மணிக்கு எழுந்தவன். மணிக்கணக்குப் பார்த்தா டியூட்டி முடிஞ்சு போச்சு. கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கே கண்ணு எரியுது. என்னால இந்த லெக் பறக்க முடியாது. தூங்கி எழுந்து காலைல கூட்டிட்டு வர்றேன்."

நான் "சரி கேப்டன், தூங்குங்க" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை. ஆனால் அதைத்தான் சொன்னேன்.

சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கத்தியது பக்கத்து மேஜை வரைக்கும் கேட்டது. "ஊரே காத்துட்டுக் கெடக்குது, அவனுக்குத் தூக்கம் வருதாமா? ரெண்டு மணி நேரம், ஒரு டீயக் குடிச்சுட்டு ஓட்டுனா என்ன? பணம் வேணும்னா கேளு!" சித்தப்பா லாரி ஓட்டினவர். பொள்ளாச்சியிலிருந்து சூரத்துக்கு இளநீர் ஏற்றிக்கொண்டு மூன்று ராத்திரி தூங்காமல் போன கதையைப் பெருமையாகச் சொல்கிறவர். அவரிடம் என்ன சொல்ல? அவர் கேட்டதைத்தான் அந்த வாரம் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள், நன்றாகப் படித்தவர்கள், பெரிய இடத்துக்காரர்கள். விமானிக்குத் தூக்கம் வேண்டும் என்று சட்டம் போட்டதால் நாடே தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றத்திலிருந்து தப்ப எங்களிடம் வந்து, எங்கள் விமானியைத் தூங்காமல் ஓட்டச் சொல்கிறார்கள். அன்றைக்கே டிஜிசிஏவும் வாராந்திர ஓய்வு விதியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, அந்தப் பெரிய நிறுவனத்துக்கு இரவு நேர விதியிலிருந்து பிப்ரவரி 10 வரை விலக்கும் கொடுத்தது. பயணிகள் பட்ட பாட்டை நானும் பார்த்தேன். இருந்தாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மங்களூரை எங்கள் தொழிலில் யாரும் மறக்க முடியாது. 2010 மே 22, துபாயிலிருந்து வந்த விமானம் மேட்டு ரன்வேயின் முனையைத் தாண்டி ஓடி விழுந்தது. 158 பேர் போனார்கள். காசர்கோட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் அதில். விசாரணையில் என்ன தெரிந்தது? பறந்த நேரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கேப்டன் தூங்கியிருந்தார். குரல் பதிவில் அவர் மூச்சு கேட்கிறது. எழுந்த பிறகும் அந்தத் தூக்கக் கலக்கம் தெளியவில்லை, உயரமாக வந்தார், வேகமாக வந்தார், துணை விமானி மேலே ஏறிச் சுற்றி வரலாம் என்று சொன்னதையும் கேட்கவில்லை. கண்ணு எரியுது என்று ஒரு கேப்டன் தானாக வாய் திறந்து சொன்னால் அவரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். எங்களைப் போல நடுவில் இருக்கிறவர்கள் அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கெஞ்சக் கூடாது. கெஞ்சினால் அவர் இரக்கப்பட்டு ஒத்துக்கொள்வார், அதுதான் பயம். இழவு வீட்டுக்கு ஆள் போகணும் என்றால் யாருக்கும் மனசு இளகும்.

பதினொன்றரைக்கு வீட்டுக்குக் கிளம்பினேன். வேலந்தாவளத்தில் ஆளில்லை. எருத்தேம்பதிக்கு நேராகப் போனேன். பந்தலில் நாலைந்து பேர் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் பெரியம்மா மட்டும். கண்ணாடிக்கு மேலே நீர் கோத்துக் கோத்து முகம் மறைந்துவிடும். அவர் முந்தானையால் துடைப்பார். கொஞ்ச நேரம் முகம் தெரியும். மறுபடி புகை படிந்தது போலாகும், மறுபடி துடைப்பார். இரண்டு நாளாக அதையேதான் செய்துகொண்டிருந்தார் போல, முந்தானை ஓரம் பிழிகிற ஈரமாக இருந்தது. ஒரு தடவை கரண்ட் போனது. எங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போடுகிற அந்த ஒரு நிமிஷம், மோட்டார் சத்தம் நின்று வீடே அமைதியானபோது, பெரியம்மா பெட்டியின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார்.

"எப்ப வருவான்?" என்றார்.

"காலைல கெளம்பும் பெரிம்மா. சாயங்காலத்துக்குள்ள வந்துருவான்."

"ராத்திரில வேண்டாம். பகல்லயே வரட்டும்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பெங்களூரில் இறங்கியது ஹெச்ஏஎல் விமான நிலையத்தில். 2008 மே வரை ஊரின் விமான நிலையமே அதுதான், இப்போது எங்களுடையது மாதிரிச் சின்ன விமானங்களுக்கு. தேவனஹள்ளியில் இருக்கும் புது விமான நிலையத்தில் இறங்கியிருந்தால் ஊரைக் கடக்கவே இரண்டு மணி நேரம் போயிருக்கும். ஹெச்ஏஎல்லிலிருந்து ஓசூர் ரோட்டைச் சீக்கிரம் பிடித்துவிடலாம். கார் வாசலிலேயே நின்றது. கிருஷ்ணகிரி, சேலம், அவினாசி. அவினாசியில் ஒரு இடத்தில் நெரிசல். சாயங்காலம் வேலந்தாவளம் தாண்டிவிட்டோம் என்று டிரைவர் போன் பண்ணினார்.

அண்ணன் இறங்கி வந்ததும் பெரியம்மா எழுந்து நின்று, "பெட்டியத் தொறங்கடா" என்றார். அதுவரை அழாத அவர் அப்போதும் அழவில்லை. அண்ணன்தான் அழுதான்.

பிறகு, எல்லாம் முடிந்து கிணற்றடியில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவனிடம் விமானம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "தெரியாது பாப்பா. அந்தக் கேப்டன் சவரம் பண்ணிட்டு, சட்டை மடிப்புக் கலையாம வந்து நின்னாரு. தண்ணி பாட்டில் குடுத்தாரு, ராத்திரி கூட்டிட்டு வர முடியலைங்க, மன்னிச்சுக்கங்கன்னாரு. அந்தாளப் பாத்ததும் எனக்கு என்னமோ தைரியமாயிருச்சு. பெல்ட்டு போட்டது ஞாபகம் இருக்கு. ரெண்டு ராத்திரியா அந்த ஏர்போர்ட்ல கண்ணே மூடல. ஹெச்ஏஎல்லுல எழுப்புனாங்க, கார்ல ஏறி மறுபடி தூங்கி, ஓசூர் தாண்டித்தான் முழிச்சேன்."

சித்தப்பா அடுத்த திண்ணையில் உட்கார்ந்து ஐஸ் பெட்டிக்காரருக்கு மூன்று நாள் வாடகையை எண்ணிக்கொண்டிருந்தார். என்னோடு அன்று முழுக்கப் பேசவில்லை. பெட்டியை வேனில் ஏற்றி, ஒயரைச் சுருட்டி மேலே போட்டுக்கொண்டு அவர்கள் கிளம்பிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கேப்டன் எந்த ஊரு?"

"சேலத்துப் பக்கம் சித்தப்பா."

"ம்" என்றார். மிச்சப் பணத்தை மறுபடி ஒரு தடவை எண்ணி மடியில் வைத்துக்கொண்டார்.